மெஷின் செத்துப்போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

மிக்ஸி ஓடிட்டே இருக்கும்போது பொசுக்குனு நின்னுடும், மைக்ரோவேவ்ல லைட் எரியும் தட்டு சுத்தும் ஆனா தண்ணி சூடாகாது, ஃப்ரிட்ஜ் ராத்திரி பகலா ஓடும் ஆனா உள்ள கைய வெச்சா சில்லுனே இருக்காது. இப்படி எது ஆனாலும் நம்ம வாயில வர்ற முதல் வார்த்தை "போச்சு". பல நேரம் மெஷின் போயிருக்காதுங்க. மெஷினுக்கு பதிலா நீ சாவுன்னு உள்ள வெச்சிருக்கற ஒரு சின்ன பார்ட் தான் போயிருக்கும். ஃபியூஸ், தெர்மல் கட்-அவுட் (சூடு அதிகமானா கரண்ட நிறுத்தற பார்ட்), மிக்ஸி கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கற பல் சக்கரம்) எல்லாமே அந்த ஜாதி தான். அதனால எதைத் திறந்தாலும் ரெண்டே கேள்வி. எது செத்துச்சு, ஏன் செத்துச்சு. முதல் கேள்விக்கு மட்டும் பதில் தெரிஞ்சு பார்ட்ட மாத்துனா அதே ரிப்பேர் கொஞ்ச நாள்ல திரும்ப வந்து நிக்கும்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஸ்விட்ச ஆஃப் பண்ணா போதாது, ப்ளக்க உருவி கண்ணு முன்னாடி வெச்சுக்கணும். அப்புறம் வெளியில இருந்து உள்ள போங்க. அதே பாயின்ட்ல வேற ஏதாவது மாட்டிப் பாருங்க, ப்ளக் பின் கருத்திருக்கா, ஒயர் மெஷினுக்குள்ள நுழையற இடத்துல வளைஞ்சு வளைஞ்சு உள்ளுக்குள்ள அறுந்திருக்கான்னு பாருங்க. போர்டு, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கற மெஷின்னா ப்ளக்க உருவி அஞ்சு நிமிஷம் விட்டு திரும்ப போடுங்க, சும்மா ஹேங் ஆகியிருந்தா இதுலயே சரியாயிடும். திரையில எரர் கோடு வந்தா மேனுவல்ல பாருங்க ஆனா அது சொல்றத அப்படியே நம்பாதீங்க. சென்சார் எரர்னு வந்தா சென்சார் தான் போச்சுன்னு இல்ல, கனெக்டர் லூஸா இருந்தாலும் அதே கோடு தான் வரும். கழட்டும்போது ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க, திரும்ப மாட்டும்போது ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சுற கதை எல்லார் வீட்லயும் உண்டு.

மிக்ஸியில இருந்து ஆரம்பிக்கலாம், கத்துக்க அதவிட நல்ல மெஷின் கிடையாது. ஓடிட்டே இருந்து நின்னுச்சுன்னா கவுத்துப் பாருங்க, அடியில சின்னதா ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், அது தான் ஓவர்லோடு ப்ரொடெக்டர். மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா அது தட்டிவிட்டுடும். உடனே அமுக்குனா சில நேரம் உக்காராது, கால் மணி நேரம் ஆற விட்டு அமுக்குங்க. இப்போ ரெண்டாவது கேள்வி, ஏன் தட்டுச்சு? ஜார எடுத்து அடியில கையால சுத்திப் பாருங்க, இறுக்கமா இருந்தா பிரச்சனை மோட்டார்ல இல்ல, ஜார்ல இருக்கற புஷ்ல, அதாவது பிளேடு தண்டு சுத்தற வளையத்துல. புஷ் தேய்ஞ்சா தண்ணி கசிஞ்சு மோட்டாருக்குள்ளயே இறங்கும், அதனால ஜார் அடியில ஈரம் தெரிஞ்ச அன்னிக்கே புஷ்ஷும் வாஷரும் மாத்திடுங்க.

மோட்டார் ஓடுது ஆனா பிளேடு சுத்தலன்னா கப்ளரோட பல் உடைஞ்சிருக்கும். ஜார் ஜாம் ஆனா தான் முதல்ல உடைஞ்சு மோட்டார காப்பாத்தணும்னு தான் அத ரப்பர்லயோ நைலான்லயோ செய்யறாங்க, அதனால திட்டாதீங்க. கழட்டும்போது மட்டும் கவனம், ஓட ஓட இறுகணும்னு பல மிக்ஸியில மரைய அதுக்கேத்த திசையில வெட்டியிருப்பாங்க, சாதாரண ஸ்க்ரூன்னு நினைச்சு முறுக்குனா கழலறதுக்கு பதிலா இன்னும் இறுகும். அப்புறம் கார்பன் பிரஷ், சுத்தற மோட்டாருக்கு உரசிட்டே கரண்ட் கொடுக்கற சின்ன கரித்துண்டு. மோட்டார் உள்ள சின்னதா நீலமா பொறி வர்றது சகஜம், ஆனா வட்டமா ஆரஞ்சு கலர்ல பெருசா நெருப்பு சுத்துச்சுன்னா பிரஷ் தேய்ஞ்சு போச்சு, இல்ல பிரஷ் உரசற செம்பு வளையம், அதாவது கம்யூட்டேட்டர் கெட்டுப்போச்சு. பிரஷ்ஷ ஜோடியா தான் மாத்தணும், ஒன்னு புதுசு ஒன்னு பழசுன்னு போட்டா சரியா உக்காராது. மாத்துன பிறகு ஜார் இல்லாம கொஞ்ச நேரம் ஓட விடுங்க, விட்டு விட்டு.

ஃப்ரிட்ஜ் பெரிய சப்ஜெக்ட். குளிர்ச்சி கம்மின்னா "கேஸ் போயிடுச்சு" தான் முதல்ல எல்லாரும் சொல்றது, ஆனா குளிர வைக்கற அந்த கேஸ் சீல் பண்ண குழாய்க்குள்ள இருக்கு, லீக் இல்லாம அது தானா தீராது. லீக்க கண்டுபிடிக்காம கேஸ் மட்டும் நிரப்பறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. முதல்ல பின்னாடியோ அடியிலயோ இருக்கற கண்டென்சர்ல தூசி அப்பியிருக்கான்னு பாருங்க, உள்ள இருக்கற சூட்ட வெளிய விடற இடமே அது தான். அடுத்து கேஸ்கெட், அதாவது கதவ சுத்தி இருக்கற ரப்பர், கதவு இடுக்குல ஒரு பேப்பர வெச்சு மூடி இழுங்க, சும்மா வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல காத்து உள்ள போகுது. டெம்பரேச்சர் பாக்க தெர்மாமீட்டர ஒரு கிளாஸ் தண்ணில போட்டு ராத்திரி முழுக்க உள்ள வைங்க, காலையில 4 டிகிரிக்கு பக்கம் காட்டணும், ஃப்ரீசர்ல தண்ணி கிளாஸ் வேண்டாம், அங்க இருக்க வேண்டியது மைனஸ் 18.

ஃப்ராஸ்ட்-ஃப்ரீ மாடல்ல மேல ஃப்ரீசர் நல்லா இருக்கு கீழ மட்டும் குளிரலன்னா எனக்கு முதல் சந்தேகம் டிஃப்ராஸ்ட் மேல தான். ஃப்ரீசர் பின் சுவருக்குள்ள குளிர வைக்கற காயில் இருக்கு, அதுல படியற ஐஸ ஒரு ஹீட்டர் அப்பப்ப உருக்கணும், அது நடக்கலன்னா ஐஸ் கட்டி கட்டியா அடைச்சு ஃபேன் காத்து கீழ வராது. செலவில்லாத டெஸ்ட் ஒன்னு இருக்கு: எல்லாத்தையும் வெளிய எடுத்து ஆஃப் பண்ணி கதவ திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்க. திரும்ப போட்டதும் சில நாள் சூப்பரா ஓடி அப்புறம் பழையபடி ஆச்சுன்னா கேஸும், அத அழுத்தி சுத்த விடற கம்ப்ரசரும் நல்லா தான் இருக்கு, ஹீட்டர், சென்சார், டைமர் இல்லன்னா போர்டு, இதுல ஒன்னு தான் கோளாறு. தயவு செஞ்சு ஐஸ கத்தியால குத்தாதீங்க. காயில்ல ஒரு ஊசி ஓட்டை விழுந்தா சின்ன ரிப்பேர் பெரிய ரிப்பேர் ஆயிடும், அதுவும் இப்போ வர்ற ஃப்ரிட்ஜ்ல பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், எரியற கேஸ். முன்னாடி இருந்த ஆர்134ஏ எரியாது ஆனா பூமிய சூடாக்கறதுல கார்பன் டை ஆக்சைடவிட ஆயிரம் மடங்குக்கு மேல, அதனால மாத்துனாங்க. குழாய வெட்டற, பத்தவைக்கற வேலை எல்லாம் அந்த கேஸுக்கு பழகுன ஆளு தான் செய்யணும்.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "டிக்"குனு சத்தம் மட்டும் வந்து கம்ப்ரசர் ஓடலன்னா, அந்த டிக் தான் ஓவர்லோடு ப்ரொடெக்டர், கம்ப்ரசர எரியாம காப்பாத்திட்டு இருக்கு. பழைய டைப் கம்ப்ரசர்னா பக்கத்துல மாட்டியிருக்கற, அத கிளப்பி விடற ஸ்டார்ட் ரிலேய ப்ளக்க உருவிட்டு கழட்டி காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க, உள்ள கலகலன்னா ரிலே உடைஞ்சிடுச்சு, மாத்துனா ஓடிடும். வேகத்த கூட்டிக் குறைக்கற இன்வெர்ட்டர் கம்ப்ரசர்ல இந்த ரிலே கிடையாது, அங்க எல்லாம் போர்டு. கரண்ட் போய் உடனே வந்தா பழைய டைப்ப மூணு அஞ்சு நிமிஷம் கழிச்சு போடுங்க, உள்ள பிரஷர் சமமாகாம ஸ்டார்ட் ஆக திணறும். காய்கறி ட்ரே அடியில தண்ணி நின்னா பயப்படாதீங்க, பின் சுவர்ல இருக்கற டிரெயின் ஓட்டை அடைச்சிருக்கும், ஒரு சிரிஞ்ச்ல வெதுவெதுப்பா தண்ணி அடிங்க, அவ்ளோ தான்.

மைக்ரோவேவ் கவர மட்டும் கழட்டாதீங்க, இத நான் கெஞ்சியே கேட்டுக்கறேன். உள்ள டிரான்ஸ்ஃபார்மரும், கரண்ட சேத்து வைக்கற கப்பாசிட்டரும் சேந்து சுமார் 4000 வோல்ட் உண்டாக்குது, ப்ளக்க உருவுன பிறகும் கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கலாம், ஆளக் கொல்லற அளவுக்கு. கவர திறக்காமயே செய்ய நிறைய இருக்கு. எங்க வீட்ல ஒருநாள் உள்ள பட் பட்னு நெருப்பு வந்துச்சு, பாக்க வந்தவர் மைக்ரோவேவ் அலைய உண்டாக்கற மேக்னட்ரான் போச்சு புதுசு வாங்கிடுங்கன்னுட்டார், பாத்தா உள்சுவர்ல அட்டை மாதிரி இருக்கற மைக்கா ஷீட்ல எண்ணெய் தெறிச்சு கரியா இருந்துச்சு. அதே அளவுக்கு புது ஷீட் வெட்டி வெச்சேன், இன்னிக்கும் ஓடுது. பவர் குறைஞ்சிடுச்சோன்னு சந்தேகமா? 1 லிட்டர் தண்ணி வெச்சு டெம்பரேச்சர் பாத்துக்கங்க, ஃபுல் பவர்ல சரியா 2 நிமிஷம் ஓட்டி கலக்கிட்டு திரும்ப பாருங்க, எத்தனை டிகிரி ஏறுச்சோ அத 35ஆல பெருக்குனா கிட்டத்தட்ட வாட்ஸ் வந்துடும். 20 டிகிரி ஏறுனா 700 வாட்ஸ். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னா கதவு ஸ்விட்ச சந்தேகப்படுங்க. கதவு திறந்தும் மெயின் ஸ்விட்ச் விடலன்னா, வேணும்னே ஷார்ட் பண்ணி ஃபியூஸ எரிக்கறதுக்குன்னே ஒரு ஸ்விட்ச் உள்ள இருக்கு. அங்க பெரிய ஃபியூஸ் போட்டு சமாளிக்கற புத்திசாலித்தனம் வேண்டாம். இதெல்லாம் உள் வேலை, தெரிஞ்ச டெக்னீஷியன் கிட்ட விட்டுடுங்க.

இன்டக்ஷன் அடுப்புலயும் இதே கதை தான். ஃபியூஸ் போயிருந்தா பெரும்பாலும் உள்ள ஐஜிபிடி, அதாவது காயிலுக்கு கரண்ட வேகமா ஆன் ஆஃப் பண்ற ட்ரான்சிஸ்டர், ஷார்ட் ஆகியிருக்கும், ஃபியூஸ் மட்டும் மாத்துனா டப்புனு திரும்ப வெடிக்கும். அது ஏன் போச்சுன்னு பாத்தா ஃபேன்ல தூசி, இல்லன்னா கரப்பான், இல்லன்னா சமைச்ச கையோட ப்ளக்க உருவற பழக்கம். ஆஃப் பண்ண பிறகும் ஃபேன் ஓடுதுன்னா அது ஓடட்டும்.

டிஷ்வாஷர் தண்ணியே எடுக்காம டிரெயின் பம்ப் மட்டும் ஓயாம ஓடுதா? அடித்தட்டுல எங்கயோ கசிஞ்ச தண்ணி தேங்கி ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணில மிதந்து ஏறற ஸ்விட்ச்) மேல ஏறியிருக்கும், வெள்ளக்காடு ஆகாம தடுக்கறதுக்கு வெச்சது. தண்ணிய எடுத்து, கசிவ கண்டுபிடிங்க. போர்டு போச்சுன்னு சொல்லி காசு வாங்கறதுக்கு வசதியான ரிப்பேர் இது.

வோல்ட், ஓம்ஸ் எல்லாம் அளக்கற மல்டிமீட்டர் ஒன்னு வாங்கி வெச்சுக்கங்க. ஓவன் எலிமென்ட்ட, அதாவது சூடாகற கம்பிய, ப்ளக்க உருவி, ஒரு பக்க ஒயர கழட்டிட்டு ஓம்ஸ்ல பாருங்க, வோல்ட்ட வோல்ட்டால பெருக்கி வாட்ஸால வகுத்தா வர்ற நம்பர் தான் வரணும், 230 வோல்ட்ல 2000 வாட்ஸ்னா சுமார் 26 ஓம்ஸ். ஒன்னுமே காட்டலன்னா எலிமென்ட் அறுந்துடுச்சு. ஒயர் தொடர்பு இருந்தா பீப் அடிக்கற செட்டிங்ல ஃபியூஸ், கட்-அவுட் எல்லாம் ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பழைய மெஷின் இருபது வருஷம் ஓடுச்சு புதுசு ஓடலன்னு புலம்பறோமே, மோட்டார் எலிமென்ட் எல்லாம் இன்னும் உழைக்குது, முந்திக்கிட்டு சாகறது போர்டு தான். போர்டுல இருக்கற உருளை மாதிரி எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் 10 டிகிரி கூடுதல் சூட்டுல இருந்தா ஆயுசு பாதின்னு ஒரு கணக்கு உண்டு. அதனால ஃப்ரிட்ஜ சுவத்தோட ஒட்டி வைக்கறது, மைக்ரோவேவ் மேல துணிய போட்டு மூடறது, ஓவன் பக்கத்துல இன்னொரு மெஷின இடிச்சு வைக்கறது, மூணும் போர்டுக்கு விஷம். கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா கண்ணுக்கே தெரியும், சால்டரிங் தெரிஞ்ச ஆளு அத மட்டும் மாத்திடுவார், முழு போர்டும் வாங்க வேண்டியதில்ல.

எப்போ விட்டுடலாம்? கம்ப்ரசர் உள்ளயே ஜாம், மைக்ரோவேவ் உள்தகடு துரு பிடிச்சு ஓட்டை, மோட்டார் காயில் எரிஞ்ச வாடை, இல்லன்னா ரிப்பேர் செலவு புதுசு விலையில பாதிய தாண்டுது, அப்போ யோசிக்கலாம். புதுசு வாங்கும்போது எத்தனை வருஷம் ஸ்பேர் கிடைக்கும்னு கேட்டு எழுதி வாங்குங்க. ஐரோப்பிய யூனியன்ல 2021 மார்ச்ல இருந்து ஃப்ரிட்ஜோட முக்கியமான பார்ட்ஸ குறைஞ்சது 7 வருஷம் தரணும்னு சட்டமே இருக்கு, அத ஒரு அளவுகோலா வெச்சுக்கங்க. அடிப்பக்கம் கவுத்துப் பாருங்க, ஸ்க்ரூவா இல்ல ஒட்டி ரிவெட் அடிச்சிருக்கா. அப்புறம் வாரன்டி இருக்கும்போதே எல்லா ப்ரோக்ராமையும் எல்லா ஸ்பீடையும் ஓட்டிப் பாத்துடுங்க, தயாரிப்புக் கோளாறு இருந்தா பெரும்பாலும் ஆரம்பத்துலயே பல்ல காட்டிடும், பில்லையும் போட்டோ எடுத்து வைங்க, அந்த பேப்பர்ல எழுத்து சீக்கிரம் அழிஞ்சிடும்.