பங்கோருக்குக் குடும்ப தினம்: பஸ் ஏறும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து, பங்கோர் தீவுக்கு ஃபெர்ரி ஏறும் ஊரான லுமுட் பக்கம் பஸ்கள் கிளம்பிவிடும். கோவில் நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமோ, இளைஞர் மன்றமோ முன்னின்று குடும்ப தினம் நடத்தும். ஆண்டு முழுவதும் செம்பனைக்கும் ரப்பர் பால்மரத்துக்கும் நடுவே உழைக்கிற குடும்பங்கள், பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகக் கடலைப் பார்க்கும் நாள் அது. அந்த நாளில் ஒரு பிள்ளைக்குக்கூட ஆபத்து வரக் கூடாது என்ற கவலையோடுதான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோரை உல்லாசக் கப்பலில் அழைத்துப் போவது இப்போது நம் ஊரிலும் நடக்கிறது. அவர்கள் அனுப்பும் படங்களில் கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவைப் பார்த்திருப்பீர்கள். 1977-இல் நார்வீஜியன் நிறுவனம் பகாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே தீவை வாங்கியது. டிஸ்னியின் காஸ்ட்அவே கே 1998-இல் வந்தது. ராயல் கரீபியன் தன் கோகோகே தீவைப் புதுப்பித்து 2019-இல் திறந்தது. படத்தில் தெரிவது வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும்தான். பின்னால் நடக்கும் வேலை படத்தில் வராது. கப்பலைவிட்டு இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் ஒவ்வொருவரின் அட்டையும் பதிவாகிறது. யார் இன்னும் தீவில் இருக்கிறார் என்பது கப்பலுக்குத் தெரியும். கரையில் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். சாப்பாட்டைச் சூடு குறையாமல் வைத்திருக்க ஆட்கள் உண்டு, கப்பலில் மருத்துவரும் உண்டு.

அத்தனையும் சம்பளம் கொடுத்து, பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்ட வேலைகள். நம் பஸ்ஸில் அந்த வேலைகள் யாருடைய பொறுப்பிலும் இல்லை. "எல்லாரும் இருக்கிறோமே, பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். நான் பார்த்தவரையில் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

தண்ணீரைப் பார்ப்பது யார்?

கரையில் இருபது பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளுக்கு இருபது காவல் என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் அத்தை பார்க்கிறார் என்று மாமா நினைப்பார், மாமா பார்க்கிறார் என்று அத்தை நினைப்பார். பிள்ளை மூழ்கினால் சத்தம் கேட்கும் என்பது அதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எப்படி வரும்? வாய் தண்ணீர் மட்டத்தில் அமிழ்ந்து அமிழ்ந்து மேலே வரும், தலை பின்னால் சாயும், இரு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடம்பு நேராக நிற்கும், கால் உதைக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை நின்று விளையாடுவது போலவே தெரியும். இப்படி ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

ஆகவே காவலுக்கு முறை வையுங்கள். ஒருவருக்கு அரை மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். வெயிலில் கவனம் தளர்ந்துவிடும். முறைக்கு வருபவர் கைப்பேசியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு விசிலும் கண்ணில் படும் நிறத்தில் ஒரு தொப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். "சித்தப்பா, இனி உங்கள் முறை" என்று வாய்விட்டுச் சொல்லி, தொப்பியை அவர் தலையில் வைத்த பிறகே முந்தியவர் எழுந்து போக வேண்டும். நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் காவலும் போதாது. அவர்களோடு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும்.

காற்றடைத்த வாத்து, வளையம் இவையெல்லாம் விளையாட்டுப் பொருள்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் வாத்தோடு பிள்ளையும் வெளியே போய்விடும். லைஃப் ஜாக்கெட் வாடகைக்கு எடுத்தால் பிள்ளையின் அளவுக்கு எடுங்கள். எல்லாக் கொக்கிகளையும் மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரியது, வேறு கேளுங்கள்.

அலை பின்னுக்கு இழுத்தால் கரையை நோக்கி நேராக எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் பதறிக் குதிப்பதும் தவறு. கயிறு, காலிப் பீப்பாய், குளிர்ப்பெட்டியின் மூடி என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விட்ட செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

நம் பெண்கள் சேலையோடும் சுடிதாரோடும் இறங்குவது வழக்கம். நனைந்த துணி காலைச் சுற்றும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும். முழங்காலுக்கு மேல் போவதானால் துப்பட்டாவைக் கரையில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்து மது. இதைப் பூசி மெழுக முடியாது. குடும்ப தினத்தில் காலையிலேயே குடிக்கத் தொடங்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள். குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, காவல் முறையிலும் அவர் பெயர் இருக்கக் கூடாது. ஏற்பாட்டாளர் இதைப் பஸ் கிளம்பும் முன்பே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவது நல்லது. கடற்கரையில் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும்.

கடல் ஏறும்

மலாக்கா நீரிணையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். நேரமும் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும், அதனால் போன வருடம் பார்த்த கணக்கு இந்த வருடம் உதவாது. காலை பத்து மணிக்குப் பிள்ளைக்கு முழங்கால் அளவு இருந்த அதே இடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மார்பளவு ஆகியிருக்கலாம். "காலையில் இங்கேதானே விளையாடினாய், போ" என்று அனுப்பிவிடுகிறோம். சாப்பிட்டு வந்தபின் முதலில் ஒரு பெரியவர் இறங்கி ஆழம் பார்த்துவிட்டு அனுப்புங்கள். லுமுட்டுக்கான கடலேற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது, தேதி குறிக்கும்போதே பார்த்துவிடலாம். பாய் விரிக்கும் இடத்தையும் மணலில் காய்ந்த குப்பையும் சருகும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலே வையுங்கள். கடல் அதுவரை வந்து போயிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

விடியற்காலைச் சமையல்

இதில்தான் நல்ல மனத்தோடு செய்யும் தவறு அதிகம். பெண்கள் இரவு மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்து, கோழிக் குழம்பு வைத்து, தேங்காய்ப்பாலில் நாசி லெமாக் கிண்டி, சூட்டோடு பெரிய பாத்திரங்களில் மூடி பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். ஐந்து மணிக்கு முடிந்த சமையல், ஆறு மணிக்குப் பஸ், எட்டரைக்கு லுமுட், ஃபெர்ரி, வேன், கடற்கரை. ஒரு மணிக்குப் பாத்திரத்தைத் திறக்கும்போது எட்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்லிவருவது இதனால்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட இளஞ்சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மூடிய பெரிய பாத்திரம் அந்தச் சூட்டை மணிக்கணக்கில் அப்படியே பிடித்து வைத்திருக்கும்.

சோற்றில் இன்னொரு சிக்கல். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. ஆறும் சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கினால், மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. "நன்றாகச் சூடு பண்ணிவிட்டேன்" என்பது இங்கே காப்பாற்றாது.

குழம்பையும் தேங்காய்ப்பால் பண்டங்களையும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து. பஸ்ஸில் சாப்பிட ரொட்டி, அவித்த கச்சான், பழங்கள் போதும். புளிச்சோறு நம் பாட்டிமார் பயணத்துக்குக் கட்டிய சோறு. புளிப்பு கெடுதலைத் தாமதப்படுத்தும். அதையும் தட்டில் பரப்பி ஆறவைத்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். மதிய உணவைப் பங்கோரின் தெலுக் நிப்பா கடற்கரையில் உள்ள கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்துச் சூடாக வாங்கலாம். ஆளுக்குச் சில ரிங்கிட் கூடும்தான். பஸ் நிறைய வாந்தியோடு திரும்புவதோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. இரவு மூன்று மணிக்கு எழுந்த அம்மாக்களும் கொஞ்சம் தூங்குவார்கள், கடலை அவர்களும் பார்ப்பார்கள்.

பாட்டியின் பாதம்

பால்மரத்து வேலை நிழலில் நடக்கும், பால் வெட்டுவதும் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். கடற்கரையில் அந்த நிழல் கிடையாது. வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரிலிருந்தும் மணலிலிருந்தும் திரும்பியும் அடிக்கும். "நம் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். தோல் கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் உடம்பில் தண்ணீர் வற்றும், தலை சுற்றும். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை பிள்ளைகளை நிழலில் வைத்திருங்கள். சாப்பாட்டையும் விளையாட்டுப் போட்டிகளையும் பரிசளிப்பையும் அந்த நேரத்தில் மரத்தடியில் வைத்துக்கொண்டால் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது சர்க்கரை நோயுள்ள பெரியவர்களைப் பற்றி. மலேசிய இந்தியர்களிடையே அந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது நம் வீடுகளிலேயே தெரிகிறது. பல ஆண்டுகள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். மற்றவர்கள் மதிய மணலில் காலை வைத்ததும் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடுகிறார்கள். பாட்டிக்குச் சூடு தெரியாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்து வருவார். இரவு வீட்டில் கால் கழுவும்போது பாதத்தில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைவரை போகக்கூடும். பின்பக்கம் வார் வைத்த, விரல்களை மூடிய செருப்பைப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் போட்டுவிடுங்கள். தண்ணீருக்குள்ளும் அதைக் கழற்ற வேண்டாம். பஸ் ஏறுமுன் யாராவது உட்கார்ந்து அவர்களின் இரு பாதங்களையும் அடிப்பக்கம்வரை பார்க்க வேண்டும். இன்சுலினைப் பஸ்ஸிலோ வெயிலிலோ விட்டுவிடக் கூடாது. குளிர்ச்சியான பையில், ஐஸ் நேரடியாகப் படாமல் வைக்க வேண்டும். அன்று நடை அதிகம், சாப்பாடு தாமதமாகும், சர்க்கரை திடீரென இறங்கலாம். இனிப்புப் பானம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

முதியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றால் தீவை விட்டுவிட்டு லுமுட் அருகே உள்ள தெலுக் பாத்திக் கடற்கரையோடு நின்றுவிடுவதே நல்லது. ஃபெர்ரி ஏறி இறங்கும் சிரமம் இல்லை, அவசரத்துக்குப் பஸ்ஸும் பக்கத்திலேயே நிற்கும்.

படகுத்துறையில் தொலைவது

பங்கோருக்கு லுமுட்டிலிருந்தும் மரினா ஐலண்டிலிருந்தும் ஃபெர்ரி உண்டு. பஸ் ஒரு துறையில் நிற்க, காரில் தனியாக வந்த உறவினர் மற்றதில் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. எந்தத் துறை என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். லுமுட் ஃபெர்ரி முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நிற்கும். கூட்டம் எழுந்ததும் நம்மவர்களும் எழுந்து இறங்கிவிடுவார்கள். நாம் இறங்க வேண்டியது அடுத்த நிறுத்தமான பங்கோர் பட்டணம். கடற்கரைகள் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன, அங்கே போக இளஞ்சிவப்பு வேன்கள் நிற்கும். ஒரு பஸ் ஆட்கள் பல வேன்களில் பிரியும்போதுதான் பிள்ளை "அந்த வேனில் வருகிறான்" என்று ஆகிவிடுகிறான். கப்பல் அட்டை செய்யும் வேலையை இங்கே ஒரு நோட்டுப் புத்தகம் செய்யும். குடும்பவாரியாகப் பெயர் எழுதி, பஸ், ஃபெர்ரி, வேன் என ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் பெயர் கூப்பிடுங்கள். வெறும் எண்ணிக்கை போதாது. வேற்றுக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று கூட்டத்தில் நின்றால் எண் சரியாக இருக்கும், உங்கள் பிள்ளை இருக்காது. பெற்றோரின் கைப்பேசி எண்ணைச் சின்னப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பங்கோர் லாவுட் வேறு தீவு. அது தனியார் விடுதித் தீவு, தங்கும் விருந்தினருக்கு மட்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோவிலுக்குப் பெருங்கூட்டம் திரளும். கும்பிடப் போவதானால் போங்கள், சின்னப் பிள்ளைகளோடு கடலாட அந்த நாள் வேண்டாம்.

இடி கேட்டால் எல்லாரும் தண்ணீரைவிட்டு வெளியே வர வேண்டும். மரத்தடியும் பாதுகாப்பில்லை, கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மறுபடி இறங்கலாம். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது, மணலோ நல்ல தண்ணீரோ போடக் கூடாது; ஒட்டியிருக்கும் நூல்கள் இன்னும் நஞ்சை விடும். நம் கடலில் பெட்டி ஜெல்லி மீனும் உண்டு, அதற்கு வினிகரைத் தாராளமாக ஊற்றுவதே முதலுதவி. ஒரு பாட்டில் மருந்துப் பெட்டியில் இருக்கட்டும். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ உடனே அவசர எண் 999.

கடைசியாக ஒன்று. தண்ணீர் குடித்துத் தத்தளித்த பிள்ளையைத் தூக்கிவிட்டபின் "சரியாகிவிட்டது" என்று துவட்டிப் படுக்கவைத்துவிடுகிறோம். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சு சிரமமாகலாம். இருமல் நிற்காமல் தொடர்ந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தால், தீவிலேயே சுகாதாரக் கிளினிக்கில் காட்டுங்கள். ஃபெர்ரியிலிருந்து இறங்கிய பிறகு இவை தெரியவந்தால் பஸ்ஸை நேராக லுமுட் அருகே உள்ள ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்கு விடச் சொல்லுங்கள். மற்றவர்கள் களைத்திருப்பார்கள், மறுநாள் வேலை இருக்கும், யாராவது முணுமுணுக்கவும் செய்வார்கள். அதைப் பொருட்படுத்தாதீர்கள்.