பழைய பைக்குக்கு விலை குறைந்த டயர் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பழைய பைக்குக்கு விலை உயர்ந்த டயர் தேவையே இல்லை என்பது என் கருத்து. 100, 150 சி.சி. வண்டியை எண்பதைத் தாண்டாமல் ஓட்டுகிறவருக்குச் சாதாரண பயாஸ் டயரே (உள்ளே நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்ட பழைய வகை) தாராளமாகப் போதும், அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வகை டயரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவைதான். ஆனால் விலையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டால் மிச்சம் பிடித்த காசுக்கு அர்த்தமே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தயாரித்த தேதியைப் பார்க்காமல் வாங்குவது. பழைய சைஸ்களைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்பதால் அந்த டயர்கள் கடையில் வருடக்கணக்கில் கிடக்கும், திடீரென்று நல்ல தள்ளுபடி கிடைக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் இந்த நான்கு இலக்கம் இல்லையென்றால் மறுபக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முன்னால் வந்த டயர், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓடாமல் சும்மா இருந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் மேடுகள்) முழுசாக இருக்கும், பார்க்கப் புதுசு போலவே இருக்கும், ஈரமான ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதுதான் அதன் வயது தெரியும். 5 வருடம் தாண்டிய டயரை வருடம் ஒருமுறையாவது நன்றாகச் சோதிக்க வேண்டும், 10 வருடம் ஆகிவிட்டால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பலவும் சொல்வதுதான். ஏற்கனவே நான்கு வருடம் ஆன டயரைப் புதுசு என்று வாங்கினால் அதில் உங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். நல்ல பெயருள்ள கம்பெனியின் பழைய சரக்கைவிடச் சுமாரான கம்பெனியின் புதுச் சரக்கு மேல்.

அடுத்தது சைஸ். பழைய வண்டிகளில் 2.75-18, 3.00-18 என்று இன்ச் கணக்கில் இருக்கும், இப்போது வருபவை 90/90-18 மாதிரி மில்லிமீட்டர் கணக்கு. அதாவது அகலம் 90 மி.மீ., உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 18 இன்ச். 3.00-18 இருந்த இடத்தில் 90/90-18 பொதுவாகப் பொருந்தும், மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரச்சினை, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்று இதற்கும் மேலே போகிறவர்களுக்குத்தான். ரிம் அகலம் அப்படியே இருக்க டயரை மட்டும் அகலமாக்கினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிக்கொள்ளும், ரோட்டில் படுகிற பரப்பு அதிகமாகாது, வளைவில் வண்டி சட்டென்று சாயும். செயின் கவரில், மட்கார்டில் உரசுவது தனித் தொல்லை. முன் சக்கரத்திலிருந்து ஸ்பீடோமீட்டர் கேபிள் போகிற வண்டியாக இருந்தால், டயர் உயரம் மாறியதும் காட்டுகிற வேகமும் மாறிவிடும்.

சைஸுக்குப் பக்கத்தில் 51பி (51P) மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 51 என்றால் அந்த டயர் 195 கிலோ வரை தாங்கும், பி என்றால் 150 கி.மீ. வேகம் வரை. காசை மிச்சம் பிடிக்கச் சரியான இடம் இந்த எழுத்துதான், வண்டி போகாத வேகத்துக்கான டயருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணை மட்டும் குறைத்துவிடாதீர்கள், குறிப்பாகப் பின்னால் ஆள் ஏற்றுகிறவர்கள்.

முன் டயரையும் பின் டயரையும் ஒன்று போல நினைப்பதும் தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் வருகிறது, முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முன்னால் நல்லதைப் போட்டுவிட்டுப் பின்னால் சிக்கனம் பாருங்கள். நீளவாக்கில் கோடு போட்ட ரிப் டயர் முன் சக்கரத்துக்கானது, அதைப் பின்னால் மாட்டாதீர்கள். முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல் (நூல் அடுக்குகள் சாய்வில்லாமல் நேர்குறுக்காகப் போட்ட வகை) என்று கலப்பதும் வேண்டாம்.

ட்யூப் விஷயத்தில் நிறையப் பேர் கஞ்சத்தனம் செய்கிறார்கள், எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். பழைய ட்யூப் விரிந்து போயிருக்கும், புது டயருக்குள் போனால் மடிப்பு விழும், அந்த மடிப்பில்தான் ஒருநாள் கிழியும். ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் கிழிந்தால் காற்று வால்வு ஓட்டை, ஸ்போக் ஓட்டை வழியாகச் சட்டென்று இறங்கிவிடும். அதனால் டயரோடு ட்யூபையும் ரிம் டேப்பையும் (ஸ்போக் முனைகள் ட்யூபில் குத்தாமல் தடுக்கும் பட்டை) சேர்த்தே மாற்றுங்கள், ரிம் உள்பக்கத்துத் துருவையும் அப்போதே தேய்த்து எடுத்துவிடலாம். ட்யூப் இல்லாமல் ஓடும் டயரை ஸ்போக் ரிம்மில் ட்யூப் போட்டு ஓட்டலாம். ட்யூப் டயரை ட்யூப் இல்லாமல் ஓட்டவே கூடாது.

பயன்படுத்திய டயரைப் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். உள்ளே எத்தனை பஞ்சர், எந்தப் பள்ளத்தில் இடித்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

டயர் ஒரு பக்கமாகவோ மேடு பள்ளமாகவோ தேய்ந்திருந்தால் புதுசு மாட்டும் முன் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை இணையும் இடத்தில் இருப்பது) மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். பழைய வண்டியில் இவற்றில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அதை விட்டுவிட்டு டயர் தேய்ந்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

மாட்டி முடித்ததும் சுழலும் திசை காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா, ரிம் ஓரத்தையொட்டி டயரில் தெரியும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். சில டயர்களில் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என எதிரெதிராக இரண்டு அம்புக்குறி இருக்கும். அப்புறம் முதல் 150 கி.மீ. வரை திடீர் பிரேக்கும் அதிகமாகச் சாய்ப்பதும் வேண்டாம், புது ரப்பர் வழுக்கும். காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள்.