குஞ்சு இறக்கிய முதல் ராத்திரியில் கோட்டை விடுவது

முப்பதாம் நாள் எடை போட்டுப் பார்த்துவிட்டு, “தீவனம் சரியில்லை, குஞ்சு சரியில்லை” என்று, அவற்றைத் தரும் கம்பெனியின் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போவது பல்லடம், உடுமலை பக்கத்துப் பிராய்லர் பண்ணைகளில் வழக்கம்தான். நானும் போயிருக்கிறேன். என் அனுபவத்தில் அதில் பாதிச் சண்டைக்கு விதை முதல் மூன்று நாளிலேயே விழுந்திருக்கும்.

முதல் தவறு, வெப்பமானியை மட்டும் நம்புவது. முதல் வாரம் 33 டிகிரி செல்சியஸை ஒட்டி வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெப்பமானி தொங்குவது நம் நெஞ்சு உயரத்தில், குஞ்சு நிற்பது தரையில். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதனால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். வாயைத் திறந்துகொண்டு தடுப்புத் தகட்டோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் அடைந்தால் படுதா எங்கேயோ விலகிக் காற்று அடிக்கிறது. பரவலாகத் தின்பதும் படுப்பதுமாக இருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

ஒரு மார்கழியில், வண்டி வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் பல்பு போட்டேன். ஷெட்டுக்குள் காற்று சூடாகிவிட்டது, கீழே கொட்டிய தேங்காய் நார்க்கழிவு மட்டும் ஜில்லென்றே கிடந்தது. ஒரு குஞ்சின் காலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. கால் சில்லிட்ட குஞ்சு தீனித்தட்டுக்கு நடக்காது, இருந்த இடத்திலேயே சுருண்டுவிடும். அந்த பேட்ச் கடைசிவரை பொடியும் பெருசுமாகவே வளர்ந்தது. இப்போதெல்லாம் முந்தைய நாளே சூடு ஏற்றிவிடுகிறேன்.

“வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, தீவனம் காலையில் போட்டால் போதும்” என்பது அடுத்த தவறு. மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் உயிரைத் தாங்கும், அவ்வளவுதான். தீவனம் உள்ளே போனால்தான் குடல் வேகமாக வளரும், மஞ்சள் கருவும் சீக்கிரம் கரையும். காகிதம் விரித்துத் தூவுங்கள். ஒன்று கொத்தும் சத்தம் கேட்டால் பக்கத்துக் குஞ்சும் கொத்தும்.

தின்றதா என்று தெரிய, குஞ்சு இறக்கி எட்டு மணி நேரம் கழித்து நாலு மூலையிலிருந்தும் சில குஞ்சுகளை எடுத்து, கழுத்தடியில் தீனிப்பையை விரல் நுனியால் தொடுங்கள். கூழ் மாதிரிக் குழைவாக இருந்தால் நல்லது. கல் மாதிரி இருந்தால் தின்றது, குடிக்கவில்லை, தண்ணீர்த்தட்டைப் பாருங்கள். தளதளவென்று தண்ணீர்ப் பை போல இருந்தால் தீவனம் கிடைக்கவில்லை.

“நல்லா கத்துது, சுறுசுறுப்பான குஞ்சு” என்பார்கள். எனக்கு இதுதான் ஆகாது. திருப்தியான குஞ்சு மெதுவாகக் கிசுகிசுக்கும். உரக்க, விடாமல் கீச்சிட்டால் குளிரோ பசியோ பயமோ இருக்கிறது. 2020இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, பண்ணைகளில் முதல் சில நாள் கத்தலை ஒலிப்பதிவு செய்து, அதற்கும் பின்னால் ஏறும் எடைக்கும் இறப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நமக்கு மைக் வேண்டாம், கதவருகே ஒரு நிமிடம் சும்மா நின்றால் போதும்.

கொத்தினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள் குழாயின் உயரத்தைப் பெரிய குஞ்சுக்கு ஏற்றபடி தூக்கிவிட்டால் பொடிக்குஞ்சு எட்டாமல் காயும். பொடிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

கடைசியாக, ஏழாம் நாள் எடை. 40 கிராமில் வந்த குஞ்சு நாலு மடங்குக்கு மேல், அதாவது 160 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். பக்கெட்டில் மொத்தமாகப் போட்டு நிறுத்துச் சராசரி எடுக்காதீர்கள். 200 கிராம் குஞ்சும் 120 கிராம் குஞ்சும் சேர்ந்தால் நோட்டில் 160 என்றுதான் விழும். ஐம்பது குஞ்சையாவது ஒவ்வொன்றாகத் தராசில் வையுங்கள், அந்த 120 அப்போதுதான் கண்ணில் படும்.