பிரவுசரில் கேஷை மட்டும் அழிப்பது எப்படி?

ஒரு இணையதளத்தில் புதிய படம் ஏற்றியாகிவிட்டது. பக்கத்து மேசையில் இருப்பவருக்குத் தெரிகிறது; உங்கள் கணினியில் மட்டும் பழைய படமே நிற்கிறது. இல்லையென்றால், படிவத்தை நிரப்பிவிட்டு பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்பதுதான்.

அதை எப்படிச் செய்வது என்று இங்கே பார்க்கலாம். முக்கியமாக, லாகின், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி எதையும் இழக்காமல் எப்படிச் செய்வது என்று. அவசரத்தில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு மொத்தத்தையும் துடைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு தளத்திலும் பாஸ்வேர்டு தேடி அலைபவர்கள் நிறையப் பேர். அந்தத் தொல்லை தேவையே இல்லை.

கேஷ் என்றால் என்ன?

ஒரு பக்கத்தை முதல்முறை திறக்கும்போது அதிலுள்ள படங்கள், எழுத்துருக்கள், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்புகள், பட்டன் போன்றவற்றை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் ஆகியவற்றை பிரவுசர் உங்கள் கணினியிலேயே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே பக்கம் சட்டென்று திறப்பது இதனால்தான். ஒரு கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று பெரும்பாலும் அந்தத் தளமே சொல்லி அனுப்பும். சில கோப்புகளுக்கு 31536000 என்று அனுப்புவார்கள். நொடிக் கணக்கில் அது 365 நாட்கள். கோப்பின் பெயரை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் தளத்துக்காரர் மாற்றிவிட்டால், பிரவுசர் "புதுசு ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கூடப் பார்க்காது. கையில் இருக்கும் பழையதையே காட்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அதனால் கேஷைக் குப்பை என்று நினைத்து தினமும் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. இடம் நிறைந்தால் பழையவற்றை பிரவுசரே நீக்கிக்கொள்ளும். நீங்கள் அழித்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்; வேகம்தான் குறையும். பக்கம் தப்பாகத் தெரியும்போது மட்டும் இதில் கை வையுங்கள்.

அழிப்பதற்கு முன் இரண்டு சோதனைகள்

முதலில், பிரச்சினை கேஷால்தானா என்று பார்த்துவிடுங்கள். குரோம், எட்ஜ் என்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி. மறைமுகச் சாளரம் ஒன்று திறக்கும். அது உங்கள் பழைய கேஷைப் பயன்படுத்தாது. அதே முகவரியை அங்கே போட்டுப் பாருங்கள். அங்கும் அதே கோளாறு என்றால் தவறு பெரும்பாலும் தளத்தின் பக்கம்தான்; கேஷை அழித்துப் பயனில்லை.

அங்கே சரியாக வருகிறதா? அப்படியானால் வழக்கமான சாளரத்துக்குத் திரும்பி, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்5 தட்டுங்கள். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஆர் என்றாலும் இதேதான். மேக்கில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் கமாண்ட் + ஷிஃப்ட் + ஆர். வெறும் எஃப்5-க்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: இது அந்தப் பக்கத்துக்கு மட்டும் சேமித்த நகலை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவரும். பல நேரம் வேலை இதோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், கேஷை முழுதாக அழிப்பதற்கு முன் இதைச் செய்யாமல் விடவே கூடாது.

குரோம், எட்ஜ்

இரண்டும் ஒரே அடிப்படையில் உருவானவை என்பதால் வழியும் ஏறக்குறைய ஒன்றே.

1. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டெலீட் அழுத்துங்கள். மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + டெலீட். அழிக்க வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும்.

2. கால அளவைப் பாருங்கள். கடைசி ஒரு மணிநேரம் போன்ற குறுகிய காலம் தேர்வாகியிருக்கலாம். போன வாரம் சேமித்த கோப்பு அதில் அகப்படாது. 'ஆல் டைம்' என்று மாற்றுங்கள்.

3. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். 'பிரவுசிங் ஹிஸ்டரி', 'குக்கீஸ்' ஆகியவற்றில் ஏற்கெனவே டிக் இருக்கக்கூடும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். 'கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' என்பதில் மட்டும் டிக் இருக்கட்டும்.

4. கீழே உள்ள பட்டனை அழுத்துங்கள். கேஷ் பெரிதாக இருந்தால் கொஞ்ச நேரம் சுற்றும். பெட்டியை மூடாமல் காத்திருங்கள்.

மூன்றாவது படியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உங்களை லாகினில் வைத்திருப்பது குக்கீஸ்தான். அது போனால் ஒவ்வொரு தளத்திலும் மறுபடி நுழைய வேண்டும். பாஸ்வேர்டு கட்டம் அதைவிட ஆபத்தானது. கணக்கில் உள்நுழைந்து ஒத்திசைவும் (சிங்க்) போட்டிருந்தால், இங்கே அழிக்கும் பாஸ்வேர்டுகள் உங்கள் போனிலிருந்தும் போய்விடும். கேஷுக்கு அந்தக் கவலை இல்லை. அது இந்தக் கணினியோடு நின்றுவிடும்.

ஃபயர்ஃபாக்ஸ்

இங்கும் அதே மூன்று விசைகள்தான். கால அளவில் 'எவ்ரிதிங்' என்று வையுங்கள். தற்காலிகக் கேஷ் கோப்புகள் என்ற வரியில் மட்டும் டிக் விட்டு, மற்றதை எடுத்துவிட்டு அழியுங்கள். 'எவ்ரிதிங்' என்று தேர்ந்தெடுத்ததும் ஒரு எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம், டிக் போட்டது மட்டும்தான் அழியும்.

சஃபாரி

மேக் பயன்படுத்துபவர்கள் 'ஹிஸ்டரி' மெனுவில் இருக்கும் 'கிளியர் ஹிஸ்டரி' பக்கம் போகாதீர்கள். அது ஹிஸ்டரி, குக்கீஸ், கேஷ் மூன்றையும் சேர்த்தே எடுத்துவிடும். அதற்குப் பதில் சஃபாரி செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய், கடைசியில் இருக்கும் டெவலப்பர் வசதிகளுக்கான கட்டத்தில் டிக் போடுங்கள். மேலே 'டெவலப்' என்று புதிய மெனு வரும். அதில் 'எம்ப்டி கேஷஸ்'. ஆப்ஷன் + கமாண்ட் + இ அழுத்தினாலும் போதும்.

அழித்த பிறகும் பழையதே வந்தால்

பிரவுசரை முழுவதும் மூடிவிட்டுத் திறந்து பாருங்கள். முதல்முறை பக்கங்கள் மெதுவாகத்தான் வரும். கோப்புகளைப் புதிதாக இறக்குவதால் அப்படி.

அதன் பிறகும் மாறவில்லையா? சில தளங்கள் இணைப்பு இல்லாதபோதும் இயங்குவதற்காக, தங்களுக்கென்று தனியாக ஒரு சேமிப்பு வைத்துக்கொள்ளும். குரோமில் அது கேஷ் கட்டத்தில் அடங்காது, குக்கீஸோடு சேர்ந்த தளத் தரவில் இருக்கும். அதற்காக எல்லாக் குக்கீஸையும் அழிக்க வேண்டாம். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைச் சொடுக்கினால், அந்த ஒரு தளத்தின் குக்கீஸையும் தரவையும் நீக்கும் வழி கிடைக்கும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இந்த வசதி உண்டு. நீக்கினால் அந்தத் தளத்தில் மட்டும் லாகின் போகும், பாதி நிரப்பிய படிவம் இருந்தால் அதுவும் போகலாம். எனவே அதன் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.