கழிவு விலை ரவுட்டரில் ஓப்பன்-டபிள்யூஆர்ரி: பரந்தனில் ஒரு சனிக்கிழமை

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. ஏ9 வீதியிலிருந்து உள்ளே வயல் ஓரமாக இருப்பதால், 4ஜி பெட்டி ஒன்றை வைத்துத்தான் காலம் போகிறது. முன்விறாந்தையின் வடக்கு மூலையில் மட்டும்தான் அதற்கு நல்ல சிக்னல் கிடைக்கிறது. பிள்ளைகள் படிக்கும் கொட்டிலோ வளவின் மறுகோடியில் இருக்கிறது. மாலை வகுப்பில் ஒருவன் காணொளி ஒன்றைத் தரவிறக்கத் தொடங்கினால், மற்ற எல்லோருக்கும் சூம் வகுப்பு உறைந்துவிடும்.

இதற்காகத்தான் கொழும்பு பம்பலப்பிட்டியில் கழிவு விலைக்கு ஒரு ரவுட்டர் வாங்கினேன். ரி.பி.-லிங்க் ஆர்ச்சர் சி7, மீள்புதுப்பித்தது, விலை 6,500 ரூபாய். அதில் ஓப்பன்-டபிள்யூஆர்ரி என்ற திறந்த மூல நிலைபொருளை, அதாவது ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, கம்பனியுடையதற்குப் பதிலாக ஏற்றினேன். அரை மணி நேர வேலை என்று நினைத்துத் தொடங்கியது இரவு வரை இழுத்தது. நீங்கள் அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். மீள்புதுப்பித்த சாமானில் பெட்டி ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கலாம். என் பெட்டியில் வி5, அதாவது ஐந்தாவது வன்பொருள் பதிப்பு, என்று இருந்தது. ரவுட்டரைத் திருப்பி அடிப்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால் வி2. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், நிலைபொருளுக்கு ஒன்றல்ல. வி2-க்கான கோப்பை வி5-இல் ஏற்ற முடியாது.

வி1 கிடைத்தால் வாங்க வேண்டாம். அதிலுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் சில்லை ஓப்பன்-டபிள்யூஆர்ரி இயக்காது. வி2-வும் வி5-உம் 16 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் ரேம் கொண்டவை. இன்றைய பதிப்புகளுக்கு இதைவிடக் குறைந்ததை நான் பரிந்துரைக்க மாட்டேன். 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் ரேம் உள்ள பழைய ரவுட்டர்கள் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. காசு மிச்சம் என்று வாங்கினால் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

மின்மாற்றியின் ஸ்டிக்கரையும் பாருங்கள். என்னுடையது அமெரிக்காவுக்கென்று செய்தது, தட்டையான இரண்டு முனை கொண்டது. 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்ததால் சின்ன அடாப்டர் ஒன்றைச் செருகினால் போதுமாக இருந்தது. 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

கரண்ட்

நிலைபொருள் எழுதப்படும் இரண்டு, மூன்று நிமிடங்களில் மின்சாரம் போனால் ரவுட்டர் எழும்பாமல் போகலாம். மடிக்கணினிக்குப் பற்றரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ். விற்கிறார்கள், ஒன்று வாங்கி வையுங்கள். 2022-இல் 13 மணி நேரம் வெட்டிய நாட்களுக்குப் பிறகு நான் இந்த விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை. அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். வன்னியில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. “நான் வேண்டுமானால் சுற்றுகிறேன், தம்பி” என்றார்.

சரியான கோப்பு

ஓப்பன்-டபிள்யூஆர்ரி தளத்தின் நிலைபொருள் தெரிவுப் பக்கத்தில் உங்கள் மாதிரியையும் வி எண்ணையும் தேடுங்கள். இரண்டு வகைக் கோப்புகள் காட்டும். ‘ஃபக்டரி’ என்பது ரவுட்டரில் கம்பனி நிலைபொருள் இருக்கும்போது முதல் தடவை ஏற்றுவதற்கு. ‘சிஸ்அப்கிரேட்’ என்பது பிறகு பதிப்பு மாற்றும்போது. முதல் நாள் வேண்டியது ஃபக்டரி.

பழைய விளக்கங்கள் பல, ஏஆர்71எக்ஸ்எக்ஸ் என்ற கோப்புறைக்கு அனுப்பும். அது 19.07 பதிப்போடு நின்றுவிட்டது. இப்போது ஏடிஎச்79 என்பதில்தான் இருக்கிறது.

வி2-க்கு ஃபக்டரி கோப்பிலேயே அமெரிக்கா, ஐரோப்பா என்று பிரிவும் உண்டு. அதிலும் ஸ்டிக்கரைத்தான் பார்க்க வேண்டும். இந்த நாட்டுவாரிப் பூட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வை-ஃபை ஒலிபரப்பு வலுவை வாங்கியவர் மாற்றக் கூடாது என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்துநர் கெடுபிடி செய்த காலம் அது. 2016-இல் ரி.பி.-லிங்க் 200,000 டொலர் கட்டி அந்த ஒழுங்குபடுத்துநரின் விசாரணையைத் தீர்த்தது. அந்தத் தீர்விலேயே, திறந்த மூல நிலைபொருளை ஏற்ற வழிவிட ஒத்துழைப்போம் என்றும் ஒப்புக்கொண்டது. தண்டம் கட்டிய உடன்படிக்கையில் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு வரி விழுந்தது.

தரவிறக்கியதும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா-256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் இணைப்பில் கோப்பு பாதியில் அறுந்து வருவது புதிதல்ல. என் முதல் கோப்பு ஒத்துவரவில்லை, இரண்டாவது ஒத்தது.

உலாவி வழியாக ஏற்றுதல்

ரவுட்டரின் மஞ்சள் துளை ஒன்றிலிருந்து மடிக்கணினிக்கு நெட்வேர்க் கேபிள். நீலத் துளையில் ஒன்றும் வேண்டாம். மடிக்கணினியின் வை-ஃபையை அணைத்துவிட்டு, உலாவியில் 192.168.0.1 என்று தட்டி உள்ளே போய், நிலைபொருள் மேம்படுத்தும் பக்கத்தில் ஃபக்டரி கோப்பைக் கொடுங்கள். பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

எனக்கு 18005 என்ற பிழை வந்தது.

இதற்கு முதல் மருந்து, கோப்பின் பெயரைச் சுருக்குவது. கோப்புப் பெயர் நீளமாக இருந்தாலே கம்பனி நிலைபொருள் மறுப்பதுண்டு. ஐந்தாறு எழுத்தில், ‘பின்’ (.bin) என்ற வால் மாறாமல் பெயர் வையுங்கள். இரண்டாவது மருந்து, அமெரிக்கா, ஐரோப்பா பிரிவைச் சரிபார்ப்பது. இரண்டும் எனக்குப் பலிக்கவில்லை. பின்கதவுதான் வழி என்றானது.

பின்கதவு: ரி.எஃப்.ரி.பி.

ரி.எஃப்.ரி.பி. என்பது நெட்வேர்க் வழியாகக் கோப்பு கொடுத்து வாங்கும் எளிய முறை. ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், இந்த ரவுட்டர் வழக்கம்போல் எழும்பாது. கேபிளின் மறுமுனையில் 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு கணினி இருக்கிறதா என்று தேடி, அதனிடம் குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பைக் கேட்கும். கொடுத்தால் அதைத் தானே எழுதிக்கொள்ளும். ரவுட்டர் பாதியில் செத்தாலும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதனால்தான் ஆர்ச்சர் சி7-ஐ நான் புதியவர்களுக்குச் சொல்வது.

மடிக்கணினியின் கேபிள் இணைப்புக்கு 192.168.0.66 என்ற நிலையான முகவரியைக் கொடுங்கள். சப்நெட் 255.255.255.0. ஃபக்டரி கோப்புக்கு வைக்க வேண்டிய பெயர் ஆர்ச்சர், சி7, வி2 மூன்றும் ஒட்டி, ஓர் அடிக்கோடு, ரிபி, ஓர் அடிக்கோடு, ரெக்கவரி, புள்ளி, பின். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆர்ச்சரின் முதல் எழுத்தும் சி7-இன் சி-யும் மட்டும் பெரிய எழுத்து. வி5 என்றால் வி2 இருக்கும் இடத்தில் வி5. வின்டோஸில் ‘ரிஎஃப்ரிபிடி64’ என்ற சின்னச் செயலி போதும். வின்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரி.எஃப்.ரி.பி. கேட்கத்தான் உதவும், கொடுக்க உதவாது. ஃபயர்வோலைச் சற்று நேரம் நிறுத்துங்கள்.

இதையெல்லாம் செய்தும் எட்டுத் தடவை ஒன்றும் நடக்கவில்லை. செயலியின் பதிவுச் சாளரம் வெறுமையாகவே இருந்தது. பொத்தானை ஐந்து விநாடி, பத்து விநாடி, முப்பது விநாடி என்று அழுத்திப் பார்த்தேன். பேனை முனையால் அழுத்தியழுத்தி விரலில் குழி விழுந்தது. இருட்டிவிட்டது, நுளம்பு வேறு.

ஒன்பதாவது தடவை பொத்தானை விட்டுவிட்டு மடிக்கணினித் திரையின் கீழ் மூலையைப் பார்த்தேன். ரவுட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கணத்தில் கேபிள் இணைப்புச் சின்னத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. மூன்று, நான்கு விநாடி கழித்துத்தான் அது போனது. விஷயம் இதுதான். ரவுட்டர் அணைந்திருக்கும்போது மடிக்கணினியின் கேபிள் இணைப்பும் செத்துக் கிடக்கிறது. ரவுட்டர் விழித்து, கோப்பு இருக்கிறதா என்று கேட்டு, பதில் இல்லாமல் கைவிட்ட பிறகுதான் மடிக்கணினி கண்ணைத் திறக்கிறது.

தீர்வு மிக மலிவானது. இரண்டுக்கும் நடுவே ஒரு நெட்வேர்க் சுவிட்ச். ஐந்து துளைச் சுவிட்ச், எந்தப் பழையதும் சரி. மடிக்கணினி சுவிட்சோடு எப்போதும் இணைந்தே இருக்கும், எனவே ரவுட்டர் கேட்கும் முதல் விநாடியிலேயே பதில் போகும். பழைய கணினிகளுக்கு இடையே கிடந்த ஒன்றைத் தூசி தட்டி மாட்டினேன். பொத்தானை அழுத்தி, மின்சாரம் கொடுத்து, டபிள்யூ.பி.எஸ். விளக்கு எரிந்ததும் விட்டேன். பதிவுச் சாளரத்தில் முதல் வரி ஓடியது. பிறகு ஐந்து நிமிடம் எதையும் தொடவில்லை.

ஏற்றிய பின் வரும் பீதி

ரவுட்டர் எழும்பிவிட்டது, ஆனால் வை-ஃபை காணவில்லை, 192.168.0.1-உம் திறக்கவில்லை. பயப்பட வேண்டாம். ஓப்பன்-டபிள்யூஆர்ரி முதல் தடவை வை-ஃபையை அணைத்தே வைத்திருக்கும். முகவரியும் 192.168.1.1 ஆகிவிடும். மடிக்கணினிக்குக் கொடுத்த 192.168.0.66-ஐ எடுத்துவிட்டுத் தானியங்கி முகவரிக்கு மாற்றுங்கள். நான் இதை மறந்து, ரவுட்டர் செத்துவிட்டது என்று ஒரு மணி நேரம் துக்கம் கொண்டாடினேன்.

உள்நுழைய பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் வெறுமை. முதல் வேலையாக ஒரு கடவுச்சொல்லை வைத்துவிடுங்கள்.

இப்போது 4ஜி பெட்டியிலிருந்து கேபிளை நீலத் துளையில் மாட்டும் அவசரம் வரும். மாட்டாதீர்கள். 4ஜி பெட்டியும் 192.168.1.1 என்றே இருந்தால், ஒரே தெருவில் ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு போல ஆகிவிடும். இணையம் வராது, காரணமும் தெரியாது. முதலில் ரவுட்டரின் லான் முகவரியை, அதாவது வீட்டுக்குள் அதற்குள்ள முகவரியை, 192.168.50.1 என்று மாற்றுங்கள். மாற்றிச் சேமித்தால் 90 விநாடிக்குள் நீங்கள் புதிய முகவரியில் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டர் பழைய முகவரிக்கே திரும்பிவிடும். மடிக்கணினியின் கேபிளைக் கழற்றி மாட்டினால் அது உடனே புதிய முகவரி வாங்கும். அதன் பிறகு 4ஜி பெட்டியின் கேபிளை நீலத் துளையில் மாட்டலாம்.

வை-ஃபையில் நாட்டுக் குறியீட்டை இலங்கை என்று தெரியுங்கள். பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2. பழைய தொலைபேசிகள் டபிள்யூ.பி.ஏ.3-இல் முரண்டு பிடிக்கும். கொட்டிலுக்கு எட்ட வேண்டும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் ஒன்றைத் தாண்டினாலே களைத்துவிடும்.

இதற்காகத்தான் இவ்வளவும்: எஸ்.கியூ.எம்.

மென்பொருள் பக்கத்தில் முதலில் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, லூசி-ஆப்-எஸ்கியூஎம் என்ற பொதியை நிறுவுங்கள். எஸ்.கியூ.எம். என்பது இணைப்பில் தரவு நிற்கும் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி. 2022-இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்னால் ஒருவர் நான்கு பரல்களோடு நிற்கிறார். பின்னால் மோட்டார் சைக்கிளுக்கு அரை லீற்றர் கேட்டு ஒருவர் நிற்கிறார். பரல் நிரம்பும் வரை அரை லீற்றர்காரர் காய வேண்டும். தரவிறக்கம் என்பது பரல், சூம் குரல் என்பது அரை லீற்றர். எஸ்.கியூ.எம்.-இல் உள்ள ‘கேக்’ என்ற முறை ஆளுக்கொரு தடவை சிறிது சிறிதாக ஊற்றும்.

ஆனால் வரிசை 4ஜி பெட்டியிலோ கோபுரத்திலோ உருவாகாமல் உங்கள் ரவுட்டரில் உருவானால்தான் அது வேலை செய்யும். அதற்காக வேகத்தை வேண்டுமென்றே சற்றுக் குறைத்து எழுத வேண்டும். காலையில் எனக்கு 25 மெகாபிட் வருகிறது, மாலை ஏழு மணிக்கு 9. நான் எழுதியது 8000 கிலோபிட். காலையில் வேகம் வீணாகிறதே என்று மச்சான் கேட்டார். காலையில் வகுப்பு இல்லை.

முன்பு யாராவது தரவிறக்கும்போது பிங், அதாவது ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம், 900 மில்லிவிநாடிக்கு ஏறும். இப்போது 80-ஐச் சுற்றி நிற்கிறது.

பிற்சேர்க்கை 1: ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி கேட்டார், 4ஜி பெட்டி இல்லாமல் யு.எஸ்.பி. டொங்கிளை நேரே ரவுட்டரில் குத்த முடியுமா என்று. முடியும். ஹுவாவே இ3372 போன்றவை ஹைலிங்க் முறையில் இருந்தால் நெட்வேர்க் கேபிள் போலவே நடந்துகொள்ளும். கேமொட்-யுஎஸ்பி-நெட்-சிடிசி-ஈதர் என்ற பொதியும் யுஎஸ்பி-மோட்சுவிட்ச் என்ற பொதியும் வேண்டும். டொங்கிளின் முகவரி 192.168.8.1, அதனால் உங்கள் ரவுட்டருக்கு அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். சிக்னல் நல்ல மூலையில் ரவுட்டரையே வைக்க வேண்டி வரும் என்பதால், என் வீட்டுக்கு இது சரிவராது.

பிற்சேர்க்கை 2: இருவருக்கு ஒரே சிக்கல்: அடுத்த பதிப்புக்கு மாறும்போது மறுபடியும் ஃபக்டரி கோப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் தடவை முதல் சிஸ்அப்கிரேட் கோப்புத்தான். எஸ்.கியூ.எம். போன்ற பொதிகள் பதிப்பு மாற்றத்தில் அழிந்துவிடும், அமைப்புகள் மட்டும் மிஞ்சும். வகுப்பு இல்லாத நாளில் மாற்றி, பொதிகளை மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள்.