சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம்: கறுப்பினக் கலைஞர் நால்வரை அறிமுகப்படுத்தும் முறை

முப்பது பெயர்களை அடுக்கினால் ஒன்றும் மனதில் தங்காது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு நால்வர் போதும். அவர்கள் பட்ட துயரத்தில் தொடங்க வேண்டாம். கேட்பவர்கள் இரங்குவார்கள், வேலையைப் பார்க்கமாட்டார்கள். கல், சாந்து, நிறம் என்று பொருளில் தொடங்குங்கள்.

முதலில் வில்லியம் எட்மண்ட்சன். யாழ்ப்பாணத்தாருக்கு இவரைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை, இவர் செதுக்கியதும் எங்கள் மண்ணில் கிடைக்கும் சுண்ணக்கல்லைத்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், இடித்த கட்டடங்களில் கழித்த கல்லை எடுத்து, ரயில்பாதை ஆணியை உளியாக்கிக் கல்லறைக் கற்களும் மனிதரும் விலங்குகளும் செய்தார். 1937 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக்காட்சி கண்ட முதல் கறுப்பினக் கலைஞர் இவர்தான். இடிந்த மதிலிலிருந்து கைக்கு அடங்கும் கல் ஒன்றை எடுத்து, ஆணியோடு சபையில் சுற்றவிடுங்கள். கீறியும் தட்டியும் பார்த்தால் மெல்லிய நீட்டல் எவ்வளவு சுலபமாக முறியும் என்று தெரியும். அவருடைய உருவங்கள் கைகால் பிரியாமல் திரண்டு நிற்பதைப் பிறகு காட்டுங்கள். அதே கல்லில் ரோச் வெளிச்சத்தை முன்னாலும் பக்கவாட்டிலும் பிடியுங்கள். முன் வெளிச்சம் புடைப்பைத் தட்டையாக்கும். சிற்பப் படம் தெரிவுசெய்யும்போது பக்கவெளிச்சத்தில் எடுத்ததையே தெரிவுசெய்யுங்கள், முடிந்தால் மூன்று கோணங்களில்.

அடுத்து ஒகஸ்டா சாவேஜ். 1939 நியூயோர்க் உலகக் கண்காட்சிக்காக அவர் செய்த ‘யாழ்’ பதினாறு அடி உயரம், சாந்தாலானது. பாடும் பிள்ளைகளே அதன் நரம்புகள். வெண்கலத்தில் வார்க்கவும் பாதுகாக்கவும் பணம் இல்லாததால் கண்காட்சி முடிந்ததும் அழிக்கப்பட்டது. திரையில் அது ஒரு சாண் பொம்மையாகத்தான் தெரியும். பதினாறு அடிக் கயிறொன்றை முற்றத்து மரத்தில் தொங்கவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மூன்றாவது ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்ததைச் சொல்லி அவர் 1940–41 இல் வரைந்த குடிபெயர்வுத் தொடரில் 60 பலகைகள். ஒவ்வொன்றும் 12க்கு 18 அங்குலம், ஏ3 தாளைவிடச் சற்றே பெரிது. ஆகவே திரை வேண்டாம். ஐந்தாறு படங்களை ஏ3 இல் அச்சடித்து வரிசையாக மேசையில் வையுங்கள். ஒரு நிறத்தை எல்லாப் பலகைகளிலும் தீட்டிவிட்டே அடுத்த நிறத்துக்குப் போனார் என்பது வரிசையாகப் பார்த்தால்தான் விளங்கும். நீளப்பக்கம் 2500 புள்ளிகளுக்கு (பிக்சல்) குறைந்த படக்கோப்பு ஏ3 இல் மங்கும்.

கடைசியாக அல்மா தோமஸ். வாஷிங்டனில் பள்ளிச் சித்திர ஆசிரியையாக இருந்தவர், 1960 இல் ஓய்வுபெற்ற பிறகுதான் தன் பாணியைக் கண்டார். 1972 இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்காட்சி. சிறுசிறு தீற்றல்களுக்கு நடுவே விட்ட இடைவெளிதான் அவருடைய ஓவியங்களின் உயிர், அதைப் பெருப்பித்துக் காட்டுங்கள்.

இங்கேதான் புரொஜெக்டர் கெடுக்கும். மஞ்சள் சுவர் நீலத்தைப் பச்சையாக்கும். எட்டுமுழ வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்து, அயன் பண்ணி, இழுத்துக் கட்டினால் ஏறத்தாழ ஆறடி அகலத் திரை கிடைக்கும். ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சம் ஊடுருவி நிறம் வெளிறும். பிரகாச முறையை விட்டு, சினிமா முறைக்கு மாற்றுங்கள். மேற்கு யன்னல்களை மூடி, ஆறரைக்குப் பிறகு தொடங்குங்கள்.

படங்களை முதல்நாளே அருங்காட்சியகத் தளங்களிலிருந்து இறக்கிப் பென்டிரைவிலும் பதியுங்கள். அச்சுப்படங்களின் பின்பக்கம் பெயர், ஆண்டு, பொருள், அளவு, இப்போது இருக்கும் இடம் ஐந்தையும் எழுதி வாசிகசாலையில் விட்டுவிடுங்கள்.