மொரிஷியஸ் பயணம்: ‘சின்னத் தீவுதானே’ என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

மொரிஷியஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி ஒரே நினைப்பிலிருந்து வருகிறவை. ‘சின்னத் தீவுதானே, எங்கே தங்கினால் என்ன, எப்போது போனால் என்ன?’ நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அகலம் 45 என்று வரைபடத்தில் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரே நாளில் மேற்குக் கரையில் வெயில் கொளுத்தும், கிழக்குக் கரையில் காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகும், நடுவே மேட்டு நிலத்தில் ஸ்வெட்டர் போட்ட ஜனங்கள் தூறலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார்கள்.

எனவே முதல் தவறு, படத்தைப் பார்த்து ஹோட்டலைப் பதிவு செய்வது. எல்லா ஹோட்டல் படத்திலும் கடல் நீலமாகத்தான் இருக்கும், தென்னை அசையாமல்தான் நிற்கும். தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் மே முதல் அக்டோபர் வரை அங்கே குளிர்காலம். அப்போது தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசும். ஜூலை, ஆகஸ்டில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். பெல் மார், ட்ரூ டோ டூஸ் போன்ற கிழக்குக் கரை ஊர்களின் மணல் தீவிலேயே அழகு என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த மாதங்களில் அதே மணல் காற்றில் பறந்து காலில் சுருக்கென்று குத்தும். அந்தச் சமயத்தில் கிழக்குக் கரை ஹோட்டல் மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேளுங்கள். வடக்கே கிராண்ட் பே, மோன் ஷுவாசி, மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் ஆகிய இடங்களில் காற்று அவ்வளவு அடிக்காது. நடுவில் இருக்கும் மலைகள் தடுத்துவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கதை மாறும். அந்தப் புழுக்கத்தில் மேற்குக் கரை வேகும், கிழக்கின் காற்று வரமாகத் தோன்றும். காற்றையே தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் சறுக்கும் பட்டச் சறுக்கு விளையாடுகிறவர்கள் தென்மேற்கு மூலையில் இருக்கும் லெ மோர்னுக்குப் போவது அதற்காகத்தான்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் நான் அக்டோபர், நவம்பரைச் சொல்வேன். குழந்தைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நல்லவை. மழை குறைந்திருக்கும், கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகஸ்டில் நீரின் வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். நம்மில் பலர் அதில் முழங்காலோடு நிறுத்திக்கொள்வோம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். போகவே கூடாது என்றில்லை, புயல் எட்டிப் பார்க்காத வாரங்கள்தான் அதிகம். ஆனால் 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. அந்த மாதங்களில் போனால், ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். அங்கே புயல் எச்சரிக்கை எண் ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் எண் வந்துவிட்டால் ஊரே வீட்டுக்குள் போய்விடும். ஹோட்டல்காரர் ‘வெளியே போகாதீர்கள்’ என்றால் வாதாடாமல் உட்கார்ந்திருங்கள்.

இன்னொன்று, பொழுது சாயும் நேரம். ஜூனில் மாலை 5.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கிராமங்களுக்குப் போகும் பஸ்களும் அந்தி சாய்ந்ததும் குறைந்துவிடும். ‘காலையில் நன்றாகத் தூங்கிவிட்டு மதியம் கிளம்பலாம்’ என்பவர்களுக்குக் குளிர்கால மொரிஷியஸில் கையில் கிடைப்பது நான்கு மணி நேரம்தான்.

ஒரே நாளில் தெற்கு முழுக்க

பேக்கேஜ்காரர்கள் பயணத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: ஒரு நாள் வடக்கு, ஒரு நாள் தெற்கு, ஒரு நாள் இல் ஓ செர்ஃப் தீவு. இதில் தெற்கு நாள்தான் பாவப்பட்ட நாள். காலையில் கப்பல் பொம்மை செய்யும் கடை, அப்புறம் மேட்டு நில ஊரான குரெபீப்பில் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய், கங்கா தலாவ், பிளாக் ரிவர் பள்ளத்தாக்கைப் பார்க்கும் முனை, ஷமரெல் அருவி, ஏழு நிற மண் என்று அத்தனையையும் ஒரே வேனில் திணிப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, படம் எடுத்து, ஏற வேண்டியதுதான்.

இந்தப் பட்டியலில் எதை வெட்டலாம்? என்னைக் கேட்டால் கடைகளை முதலில் வெட்டுவேன். ஏழு நிற மண்ணுக்கு அரை மணி நேரம் தாராளம். எரிமலைப் பாறை மக்கி, இரும்பும் அலுமினியமும் கலந்த களிமண்ணாகி, சிவப்பு, பழுப்பு, ஊதா என்று பிரிந்து கிடக்கும் சிறிய மேடு அது. சுற்றி வேலி இருக்கிறது, மண்மேல் நடக்க முடியாது. பாலைவனம் அளவுக்கு எதிர்பார்த்துப் போகிறவர்கள் ‘இவ்வளவுதானா’ என்கிறார்கள். காலையில் திறந்ததும் போனால் வேன் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

மிச்சப்பட்ட நேரத்தைப் பிளாக் ரிவர் தேசியப் பூங்காவுக்குக் கொடுங்கள். பலர் காட்சி முனையில் நின்று பள்ளத்தாக்கைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இறங்கி நடக்கப் பாதைகள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத இளஞ்சிவப்புப் புறாவும் மொரிஷியஸ் வல்லூறும் வாழும் காடு அது. 1970-களில் அந்த வல்லூறு விரல் விட்டு எண்ணக்கூடிய நிலைக்கு வந்து, பிறகு பாடுபட்டு மீட்கப்பட்ட பறவை. மழைக்கு ஒரு மேல்சட்டை அவசியம்: மேட்டு நிலத்தில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் வரைகூட மழை பெய்யும். ஹோட்டல் வாசலில் வெயில் அடிப்பதைப் பார்த்து வெறும் பனியனோடு கிளம்பிப் போய்க் குரெபீப்பில் நடுங்குவது வாடிக்கையான காட்சி.

கங்கா தலாவ் எரிமலை வாயில் உண்டான ஏரி, அந்நாட்டு இந்துக்களுக்குப் புனிதத் தலம். 33 மீட்டர் உயரச் சிவன் சிலை தூரத்திலிருந்தே தெரியும். மகா சிவராத்திரியை ஒட்டிய நாள்களில் தீவின் எல்லா மூலையிலிருந்தும் லட்சக்கணக்கானோர் காவடிகளை இழுத்துக்கொண்டு அங்கே நடந்து வருவார்கள். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அற்புதம். தெரியாமல் அந்த வாரம் வாடகைக் காரில் தெற்கே கிளம்பினால் நாள் முழுக்கச் சாலையில்தான்.

கடல் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல

மொரிஷியஸின் கடல் ஏன் அவ்வளவு அமைதி என்றால், தீவைச் சுற்றிப் பவளத்திட்டு மதில் போல நிற்கிறது. அலை அதில் மோதி உடைந்துவிடும், உள்ளே குளம்போல் தண்ணீர். ஆனால் அந்த வளையம் முழுமையானது அல்ல. தெற்கே சூயாக் பக்கம் க்ரி க்ரியில் திட்டு இல்லை, பெருங்கடல் நேராக வந்து பாறையில் அறைகிறது. பார்ப்பதற்கு அருமையான இடம், குளிப்பதற்கு அல்ல. ஆறு கடலில் கலக்கும் இடங்களிலும் பவளம் வளராது, திட்டில் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் வெளியே பாயும்போது நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். முந்தின நாள் மோன் ஷுவாசியில் குழந்தைகள் விளையாடியதை வைத்து எல்லாக் கடற்கரையும் அப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

காலில் ரப்பர் செருப்போ நீர்க் காலணியோ இல்லாமல் இறங்குவதும் தவறு. கடல் முள்ளெலி சாதாரணமாகக் கிடக்கும். கல்மீன் அரிது, ஆனால் கல்லோடு கல்லாகக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன் முள்ளில் விஷம் உண்டு. பவளத்தின்மேல் நிற்கவே வேண்டாம். உங்கள் கால் கிழிவதைவிட, பல பத்தாண்டுகளாக வளர்ந்தது உடைந்துபோவது பெரிய நஷ்டம்.

டால்ஃபின் பார்க்கத் தமரின் விரிகுடாவுக்குக் காலையில் படகுகள் போகும். அந்த டால்ஃபின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, ஓய்வெடுக்கத்தான் கரையோரம் வருகின்றன. பத்துப் படகுகள் சூழ்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு பேர் தண்ணீரில் குதித்தால் அவை எங்கே தூங்கும்? தள்ளி நின்று பார்க்கும் படகுக்காரரைத் தேடிப் பிடியுங்கள். ‘கண்டிப்பாகத் தொட்டு நீந்தலாம்’ என்று உறுதி கொடுப்பவரை விட்டுவிடுங்கள்.

லெ மோர்ன் பக்கம் ‘கடலுக்கடியில் அருவி’ என்று ஒரு படம் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கும். திட்டின் விளிம்பில் மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கிச் சரிவதால் வரும் தோற்றம் அது, நிஜ அருவி இல்லை. கரையில் நின்றால் அந்தக் காட்சி கிடைக்காது, படகில் போனாலும் கிடைக்காது. ஹெலிகாப்டரிலோ கடல் விமானத்திலோதான் கிடைக்கும். அந்தச் செலவுக்கு மனம் இல்லையென்றால் லெ மோர்ன் மலை ஏறலாம். 556 மீட்டர் உயரம். முதல் பாதி யாரும் நடக்கக்கூடிய அகலப் பாதை, மேல் பாதியில் கையையும் ஊன்றி ஏற வேண்டும். விடியும்போதே தொடங்கிவிடுங்கள், மழை பெய்திருந்தால் பாதியோடு திரும்பிவிடுங்கள். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008-இல் உலக பாரம்பரியச் சின்னமானதும் அதற்காகத்தான், கடற்கரைக்காக அல்ல.

ஊருக்குள் போகாமல் திரும்புவது

‘போர்ட் லூயிஸில் என்ன இருக்கிறது, டிராஃபிக்தான்’ என்று ஓட்டுநரே சொல்லுவார். டிராஃபிக் இருப்பது நிஜம். அதற்காக ஆப்ரவாசி காட் துறையை விட்டுவிட முடியுமா? 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள், பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து. அவர்கள் கரையிறங்கி ஏறிய கல் படிக்கட்டு இன்னும் இருக்கிறது. பக்கத்திலேயே சந்தை, சற்று நடந்தால் டோடோ பறவையின் எலும்புக்கூடு உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். எல்லாம் நடந்தே பார்க்கலாம். காலைச் சாலை நெரிசல் அடங்கியபின் வந்து, அலுவலகம் விடுவதற்குள் கிளம்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதிக் கடை மூடியிருக்கும்.

மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே இன்னொரு இழப்பு. தெருவோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் தால் பூரி அடுக்கடுக்காக இருக்கும். வேகவைத்து அரைத்த மஞ்சள் பருப்பை மாவுக்குள் வைத்து, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டது. எப்போதும் இரண்டிரண்டாகத்தான் கொடுப்பார்கள். மேலே பெரிய மொச்சை மாதிரியான பயறுக் கறி, தக்காளிச் சாறு, கொத்தமல்லிச் சட்னி, கேட்டால் மிளகாய். எல்லாவற்றையும் காகிதத்தில் சுருட்டிக் கையில் திணித்துவிட்டு, நீங்கள் சில்லறை தேடுவதற்குள் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார் கடைக்காரர். சைவக்காரர்கள் ‘அங்கே சாப்பாடு கிடைக்காது’ என்று தொக்கும் பொடியும் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போவது தேவையே இல்லை. காத்தோ பிமான் என்று விற்கும் சின்ன உருண்டையைக் கடித்தால் பருப்பு வடைதான் என்று நாக்கே சொல்லிவிடும்.

விலை கேட்கும்போது கவனம். அங்கேயும் ரூபாய்தான், ஆனால் அவர்கள் ரூபாய் ஒன்று நம்முடைய இரண்டு ரூபாய்க்கு நெருக்கமான மதிப்புள்ளது. ‘ஐந்நூறுதானே’ என்று தலையாட்டிவிட்டு இரவு கணக்குப் பார்க்கும்போது முழிக்கக் கூடாது. டாக்ஸிகளில் மீட்டரை நம்ப முடியாது, ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். கார் எடுத்தால், நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் ஊர் என்பது வசதி. ஆனால் கரும்புக் காட்டு நடுவே போகும் சாலைகள் குறுகல், ஓரம் கிடையாது, கரும்பு வளர்ந்திருக்கும்போது திருப்பத்தில் எதிரே வருவது தெரியாது.

அந்த ரூபாய் நோட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அப்புறம் இந்தி. 1998-இல் வந்த புது நோட்டுகளில் இந்தி தமிழுக்கு முன்னால் போய்விட்டது. தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகளைத் திரும்பப் பெற்று வேறு அச்சடித்தார்கள். இதைக் கேள்விப்பட்டுவிட்டு, பிள்ளை, முத்துசாமி என்று பெயர்ப்பலகை பார்த்ததும் தமிழில் மளமளவென்று பேச ஆரம்பிப்பதும் நம்மவர்கள் செய்யும் தவறுதான். தலைமுறைகள் கடந்துவிட்டன. வீட்டில் உள்ளூர் மொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ‘வணக்கம்’ புரியும், சிரிப்பார்கள், அதோடு நிற்கலாம். ‘தமிழே தெரியாதா?’ என்று கேட்பதைப்போல் அநாகரிகம் வேறில்லை. பல தலைமுறைக்கு முன் கடல் தாண்டி வந்த குடும்பம் இன்றும் பத்து நாள் விரதமிருந்து தைப்பூசக் காவடி எடுக்கிறது, நாடே அன்று விடுமுறை விடுகிறது. அந்தச் சமயம் அங்கே இருந்தால் கோயிலுக்குப் போங்கள். அலகு குத்தியவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டாதீர்கள்.

கடைசி நாள் திட்டம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கும். விமான நிலையம் தென்கிழக்கில் இருக்கிறது, தங்கியிருப்பதோ வடக்கே கிராண்ட் பேயில். நெரிசலைப் பொறுத்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். அதனால் பலர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ப்ளூ பே கடற்கரையை நடுவில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போய்ப் பார்த்துவிட்டு, கடைசி நாளை ஹோட்டல் வரவேற்பறையில் பெட்டியோடு கழிக்கிறார்கள். தென்கிழக்கைக் கடைசிக்கு வையுங்கள். கடைசி இரவு மயேபூர் பக்கம் தங்கினால், காலையில் ப்ளூ பேயில் கண்ணாடி அடிப் படகில் பவளம் பார்த்துவிட்டு விமானத்துக்குப் போகலாம். எதிரே இருக்கும் இல் ஓ ஏக்ரெட் தீவில் பழங்காடும் ராட்சத ஆமைகளும் பாதுகாக்கப்படுகின்றன, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அன்று திங்களாக அமைந்தால் மயேபூரில் வாரச் சந்தை. வெனிலாவும் தேயிலையும் அங்கே வாங்குங்கள், விமான நிலையக் கடையில் அல்ல. கரையில் பொறுக்கிய பவளத்தையும் சங்கையும் மட்டும் பெட்டியில் போடாமல் அங்கேயே விட்டுவிடுங்கள், சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள்.